நுரைக்கு வயதாகுமா?

மலேசியாவில் பொருள்களுக்கான தர விதிகள் வரிசை எண்ணோடு வெளியாகின்றன. அந்த வரிசையில் முதல் எண்ணைப் பெற்றிருப்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் போடும் தலைக்கவசம். எம்.எஸ். 1:1969 என்று பெயர். 1996இலும் 2011இலும் அதைத் திருத்தி எழுதினார்கள். எண் மட்டும் மாறவில்லை. 1973இல் தலைக்கவசம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. தலைப்பாகை கட்டும் சீக்கியர்களுக்கு விலக்கு இருந்தது. அந்தச் சட்டத்தால் மோட்டார் சைக்கிள் மரணங்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தன என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தலைக்கவசம் போட்டுப் பழகிய நாடு இது. அதனால் பழைய தலைக்கவசங்களும் இங்கே ஏராளம்.

பேராக் ஆறு கடலில் கலக்கும் முனையில் இருக்கிறது பாகான் டத்தோ. 2017இல் தனி மாவட்டமான இந்த வட்டாரத்தில் கண்ணுக்கு எட்டிய வரை தென்னையும் செம்பனையும்தான். தோட்டத்து வேலைக்குப் போக, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட, ஊத்தான் மெலிந்தாங் சந்தைக்குப் போய் மீன் வாங்கிவர, தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு ஓட, எல்லாவற்றுக்கும் கப்சாய் என்ற சிறிய மோட்டார் சைக்கிள்தான். வீட்டு வாசலில் நிற்கும் மோட்டாரின் கண்ணாடியில் ஒரு தலைக்கவசம் மாட்டியிருக்கும். அப்பா வாங்கியது, இப்போது மகன் போடுகிறான், அவசரத்துக்கு மாமாவும் எடுத்துக்கொள்வார். எப்போது வாங்கியது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள்.

“அண்ணே, இது அப்பா காலத்து ஹெல்மெட்டு. இன்னும் கல்லு மாதிரி இருக்கு. போடலாம்தானே?”

தோட்டப்புறத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத பட்டறை கிடையாது. கேட்பவர் சொல்லும் காரணம் கெட்டித்தன்மை. ஆனால் தலைக்கவசம் தலையைக் காப்பது கெட்டியாக இருப்பதால் அல்ல. சரியான நேரத்தில் நசுங்குவதால்தான் அது காக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் பழசைப் போடலாமா என்ற கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

மோட்டார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சறுக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடம்பு சாலையில் தேய்ந்துகொண்டு போகும். தலை சாலையில் மோதும் வேகம் மட்டும் பெரும்பாலும் அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் தார்ச்சாலையைத் தொடும். தென்னை மரத்திலோ லாரியின் பக்கவாட்டிலோ நேராகப் போய் மோதினால் கணக்கே வேறு. அதில் எந்தத் தலைக்கவசத்துக்கும் எல்லை உண்டு. ஐக்கிய நாடுகளின் 22ஆம் விதிப்படி நடந்துவந்த சோதனையில், உலோகத் தலை ஒன்றுக்குக் கவசத்தை மாட்டி, விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டரில், இரும்புப் பட்டறைக் கட்டையின் மேல் விழவைத்தார்கள். கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது.

இப்போது அந்தத் தலை எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்று பாருங்கள். வெறும் தலையாக இருந்தால் தோலும் மண்டை ஓடும் கொடுக்கும் இடம் சில மில்லிமீட்டர்தான். 5 மில்லிமீட்டரில் நின்றது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மூளையின் மேல் விழும் சராசரி வேக இழப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 570 மடங்குக்கு மேல் போகும். அதே தலை 25 மில்லிமீட்டர் நுரையை நசுக்கிக்கொண்டு நின்றால் அது சுமார் 115 மடங்காக இறங்கிவிடும். அந்த விதி ஒரு கணத்துக்கு அனுமதித்த உச்சவரம்பு 275 மடங்கு. உயிருக்கும் சாவுக்கும் இடையில் இருப்பது இந்த இருபது மில்லிமீட்டர் வித்தியாசம்தான்.

பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நியாயமாகவே கேட்பார்கள்: நசுங்கித் திரும்பும் ரப்பரையே உள்ளே வைத்தால் என்ன? வைத்தால் தலை பந்தைப்போல் எகிறும். ரப்பர் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். நின்றுபோக வேண்டிய தலை எதிர்த்திசையில் வேகம் எடுக்கும், மூளை இரண்டாம் முறை குலுங்கும். தலைக்கவசத்துக்கு வேண்டியது வாங்கியதைத் திருப்பித் தராத பொருள். அதுதான் இ.பி.எஸ். என்ற வெள்ளை நுரை. மீன்பிடிப் படகுத்துறையில் ஐஸ் போட்டு மீன் அடுக்குகிறார்களே, அந்த வெள்ளைப் பெட்டியும் இதே பொருள்தான். தலைக்கவசத்தில் இருப்பது அதைவிட அடர்த்தியானது, அவ்வளவுதான். உடைந்த மீன்பெட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழும், விரலை எடுத்தாலும் பள்ளம் அப்படியே நிற்கும். நுரையின் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்று. காற்றறைகளின் மெல்லிய சுவர்கள் ஒவ்வொன்றாக மடிந்து உடைவதில்தான் மோதலின் ஆற்றல் செலவாகிறது. உடைந்த சுவர் மறுபடி எழுந்து நிற்காது. அதே இடத்தில் இரண்டாவது அடி விழுந்தால் நசுங்குவதற்கு அங்கே எதுவும் மிச்சம் இருக்காது.

இந்த அறிவு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1935 மே மாதம் இங்கிலாந்தில் டி.ஈ. லாரன்ஸ், ‘அரேபிய லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்தவர், மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற ஆஸ்திரேலிய மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. போர்க்காலத்தில் செய்தி சுமந்து ஓடிய ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் அவர் எழுதிய கட்டுரைதான் தலைக்கவசத்துக்கு அறிவியல் அடிப்படை தந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் அந்த ஓட்டுநர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நசுங்கும் அடுக்கை உள்ளே வைக்கும் யோசனைக்கு அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் ராத், லம்பார்டு என்ற இருவர் 1953இல் காப்புரிமை பெற்றார்கள். 1956இல் பீட் ஸ்னெல் என்ற கார் பந்தய வீரர் தலைக்காயத்தால் இறக்க, அடுத்த ஆண்டே அவர் பெயரில் தலைக்கவசங்களைச் சோதிக்கும் அறக்கட்டளை ஒன்று தோன்றியது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தலைக்கவசத்தை மாற்றுங்கள் என்று உலகம் முழுவதும் சொல்லப்படும் அறிவுரையைப் பரப்பியதில் இந்த ஸ்னெல் அறக்கட்டளைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐந்து ஆண்டு முடிந்த மறுநாள் நுரை செத்துப்போகிறதா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2016இல் கனடாவைச் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழு, 63 சைக்கிள் தலைக்கவசங்களிலிருந்து நுரையைத் துண்டுதுண்டாக வெட்டி எடுத்தது. பத்து மாடல்கள். வயது 2 முதல் 20 ஆண்டு வரை. பலவும் மக்கள் போட்டுப் பழகியவை. ஒவ்வொரு துண்டின் மேலும் வேகமாக எடையை மோதவிட்டு, எப்போது நசுங்கத் தொடங்குகிறது, எவ்வளவு ஆற்றலை வாங்குகிறது என்று அளந்தார்கள். எந்த அளவையையும் வயது மாற்றவில்லை. இருபது வயது நுரை இரண்டு வயது நுரையைப்போலவே வேலை செய்தது. முடிவை மாற்றியது அடர்த்தி: கன மீட்டருக்கு 58 கிலோவிலிருந்து 100 கிலோ வரை ஒவ்வொரு துண்டும் வேறுபட்டது. தொழிற்சாலையில் அது எப்படி வார்க்கப்பட்டது என்பதே காலத்தைவிட முக்கியமாக இருந்தது.

சோதித்தவை சைக்கிள் தலைக்கவசங்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நுரை ஒரே குடும்பம். அந்த நுரை செய்யப்படும் பாலிஸ்டைரீன் அவ்வளவு சீக்கிரம் மக்கிப்போகும் பொருள் கிடையாது. கடற்கரையில் ஒதுங்கும் மீன்பெட்டித் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்படியானால் அப்பா காலத்துத் தலைக்கவசத்தைத் தாராளமாகப் போடலாமா?

போடலாம் என்று சொல்லிவிட முடியாது. தலைக்கவசம் நுரை மட்டும் அல்ல. மேலே ஓடு இருக்கிறது, உள்ளே மெத்தை இருக்கிறது, தாடைக்குக் கீழே வார் இருக்கிறது, இவற்றை இணைக்கும் பசையும் குடையாணியும் இருக்கின்றன. ஐந்து ஆண்டு அறிவுரைக்கு ஸ்னெல் அறக்கட்டளை சொல்லும் காரணங்களில் நாள்காட்டி பின்னால்தான் வருகிறது. தலையின் எண்ணெய், வியர்வை, அழகுசாதனப் பொருள்கள், ஒட்டும் பசைகள், பெட்ரோல் வகைகள், அன்றாடத் தேய்மானம் என்று அது அடுக்கும் பட்டியலைப் பாகான் டத்தோவில் வைத்துப் படித்தால் ஒவ்வொன்றும் இங்கேயே இருக்கிறது. காலையில் தேங்காய் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் ஊர் இது. பகல் முழுக்க ஈரக்காற்று, வியர்வை. கரையோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

வெயிலில் முதலில் அடிபடுவது ஓடு. விலை மலிந்த தலைக்கவசங்களின் ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். அடி விழுந்தால் சட்டென்று உடையாமல் வளைந்துகொடுக்கும் குணம் அதற்கு எங்கிருந்து வருகிறதென்றால், அதனுள் கலந்திருக்கும் பியூட்டாடையீன் ரப்பர்த் துணுக்குகளிலிருந்து. அந்த ரப்பரின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் முதலில் அவற்றையே தாக்கும். பால்மரத்து ரப்பருக்கும் இதே பலவீனம். வெயிலில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை இழுத்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றனவே, வேதியியல் ரீதியாக ஓட்டின் மேற்பரப்பில் நடப்பதும் அதற்கு நெருங்கிய உறவுதான். நிறம் வெளுக்கும், மஞ்சளிக்கும், பளபளப்பு போய் மாவுபோல் கையில் ஒட்டும். ஓடு இப்படி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டால், மோதலின் விசையைப் பரவலாக நுரைக்கு அனுப்பும் வேலையை அதனால் செய்ய முடியாது. ஒரு கல் முனையின் அழுத்தம் முழுவதும் நுரையின் ஒரே இடத்தில் இறங்கும்.

வெயிலைவிட வேகமாகக் கெடுப்பது பெட்ரோலும் தின்னரும். மீன்பெட்டித் துண்டின் மேல் சில சொட்டு பெட்ரோல் விட்டால் அது கண்ணெதிரே கரைந்து குழியாகும். தலைக்கவசத்தில் ஒட்டிய தாரைத் தின்னர் தொட்ட துணியால் துடைப்பவர்கள், பழசைப் புதுசாக்குகிறேன் என்று வீட்டிலேயே ஸ்பிரே பெயிண்ட் அடிப்பவர்கள், புல்வெட்டும் மெஷினுக்கு வாங்கிய பெட்ரோல் பாட்டிலைத் தலைக்கவசத்துக்குள் வைத்து எடுத்துவருபவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஓடாக இருந்தால் இந்தக் கரைப்பான்கள் அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைக் கிளப்பிவிடும். வெளியே பளபள என்று இருக்கும். அடி விழும்போது பிளக்கும்.

ஒரு பழைய தலைக்கவசத்தைப் பிரித்தே பார்த்துவிடுவோம். மடியில் கவிழ்த்து வைத்து, உள்துணியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல விலக்குங்கள். துணிக்கு அடியில் இருக்கும் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தால், கவசம் இப்போது தலையைவிடப் பெரிதாகிவிட்டது என்று பொருள். பஞ்சு தேய்ந்த அளவுக்கு இடைவெளி கூடியிருக்கும். அதற்கும் கீழே நுரை. நல்ல நுரையில் மணிமணியான அமைப்பு சீராகத் தெரியும். எங்காவது ஒரு திட்டு தட்டையாகி, மணிகள் ஒன்றோடொன்று அப்பி, வழவழப்பாக மின்னினால் அங்கே ஏற்கெனவே ஒரு தலை மோதியிருக்கிறது. விரிசல் ஓடியிருந்தாலும் அதே செய்திதான். அடுத்து, இரண்டு கையாலும் ஓட்டின் இரு பக்கத்தையும் பிடித்து மெல்ல விரித்துப் பாருங்கள். நெறுநெறு என்று சத்தம் வந்தால் ஓடோ பசையோ விட்டுப்போயிருக்கிறது. கடைசியாக வார். அது ஓட்டில் சேரும் இடத்தில் துரு இறங்கியிருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா, கொக்கியைப் பூட்டிவிட்டுச் சுண்டி இழுத்தால் நழுவுகிறதா என்று பாருங்கள். இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும்.

நுரையின் காயத்தை இப்படித் தேடிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஓடு பொய் சொல்லும் என்பதே. விபத்தில் ஓடு உள்ளே வளைந்து நுரையை நசுக்கிவிட்டு, மறுபடி பழைய வடிவத்துக்கு நிமிர்ந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. சி70 போன்ற பழைய மோட்டார்களைத் தூசு தட்டிச் செப்பனிட்டு ஓட்டும் இளைஞர்கள், அதற்குப் பொருத்தமாகப் பண்டல் கடைகளிலும் தெரிந்தவர்களிடமும் பழைய காலத்துத் தலைக்கவசம் தேடி வாங்குகிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. அந்த வளைவுகள் அழகானவை. அலமாரியில் வைத்து ரசிக்கலாம். முந்தைய தலைக்கு என்ன நடந்தது என்று தெரியாத கவசத்தைச் சாலையில் போடக் கூடாது. வயது தெரிந்தும் வரலாறு தெரியாத தலைக்கவசத்தைவிட, வரலாறு முழுக்கத் தெரிந்த, கொஞ்சம் கூடுதல் வயதான கவசத்தையே நான் நம்புவேன்.

இருக்கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டதே என்று பதறுபவர்களும் உண்டு. வெறும் கவசம் விழும்போது நுரையை உள்ளேயிருந்து நசுக்க ஐந்து கிலோ தலை அங்கே இல்லை. ஒருமுறை விழுந்ததற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தினமும் தொப்பென்று சிமெண்டுத் தரையில் போடுவது வேறு விஷயம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் அளவுகோல் தவறிவிடும். புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் குழந்தையன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 500 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களில் தலைக்கவசத்தைச் சரியாகப் போட்டவர்கள் 54.4 விழுக்காடு. 21.4 விழுக்காட்டினர் போட்டிருந்தும் சரியாகப் போடவில்லை, மிச்சம் 24.2 விழுக்காட்டினர் போடவே இல்லை. வாரைப் பூட்டாத புத்தம் புதிய தலைக்கவசம், மோதலுக்கு முன்பே தலையை விட்டுப் பறந்துவிடும். அதன் நுரை எவ்வளவு இளமையாக இருந்து என்ன பயன்? தலைக்கவசம் அணிவது மரணத்தை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. ஆகவே பழசாகிவிட்டது என்பதற்காக அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுந்தலையோடு போவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. இன்று இரவு மருந்து வாங்கப் போக வேண்டும், வீட்டில் இருப்பது பத்து வருடத்துத் தலைக்கவசம்தான் என்றால், வாரை இறுக்கிப் பூட்டி அதையே போட்டுக்கொண்டு போங்கள்.

சம்பள நாள் வந்ததும் மாற்றிவிடுங்கள். தினமும் வெயிலில் நின்று, வியர்வை குடித்து, மழையில் நனையும் தலைக்கவசத்துக்கு ஐந்து ஆண்டு என்ற கணக்கு நியாயமான கணக்கு. நுரை தாங்கினாலும் வாரும் பஞ்சும் ஓடும் அதற்குள் களைத்துப்போகும். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பின்பக்கம் சிரிம் என்ற தரச்சான்று முத்திரை இருக்க வேண்டும். நூறு வெள்ளிக்குள்ளேயே அந்த முத்திரையோடு கிடைக்கிறது. விலை கூடியது எப்போதும் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தலைக்குக் கச்சிதமாக உட்கார்வதே முதல் தகுதி. தாடை வாரைப் பூட்டியபின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னே தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். வளரும் பிள்ளைக்கு என்று ஓர் அளவு பெரிதாகச் சட்டை எடுப்பது வழக்கம். தலைக்கவசத்தை அப்படி எடுக்கக் கூடாது. அப்பாவின் தலைக்கவசத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சிறு தலைக்கு அது ஒரு சுமையே தவிரக் காப்பு கிடையாது. சாலைப் பாதுகாப்புத் துறை பழைய தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு புதியதைத் தரும் திட்டங்களை அவ்வப்போது நடத்தியிருக்கிறது. இவை நகரத்துப் பேரங்காடி வாசலோடு நின்றுவிடாமல் தோட்டத்து லயங்களுக்கும் மீனவக் கம்பங்களுக்கும் வர வேண்டும். பழைய கவசங்கள் அதிகம் தொங்குவது அங்கேதான்.

கழித்த தலைக்கவசத்தை அப்படியே குப்பை மேட்டில் போட்டால் அது அங்கே இருக்காது. நல்லாத்தானே இருக்கு என்று யாராவது எடுத்துக் கழுவித் தம்பிக்குக் கொடுப்பார்கள். அதனால் போடுவதற்கு முன் கத்தரிக்கோலால் இரண்டு பக்கத்து வாரையும் ஓட்டோடு ஒட்ட வெட்டிவிட்டு, உள்ளேயிருக்கும் நுரையையும் பிடுங்கி இரண்டாக உடைத்துப் போடுங்கள்.